அளப்பவர் யார், முடிவெடுப்பவர் யார்?

ஊர் முழுவதையும் பாதிக்கக்கூடிய திட்டங்களில், துறை அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்காமல் கைதூக்கி முடிவெடுப்பது ஆபத்து என்று சென்ற இதழில் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சண்டைக் கடிதங்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றுவதால் மற்ற கேள்விகளுக்கு இம்முறை இடமில்லை. அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: புதுச்சேரியில் கடற்கரை மணல் காணாமல் போனதற்குக் காரணமே துறைமுகம் கட்டிய பொறியாளர்கள்தான். அவர்களும் நிபுணர்கள்தானே? அவர்கள் பேச்சைக் கேட்டதால் வந்த வினைதானே இது?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கில் எதிரியை மாற்றி நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் சில மாதங்கள் எதிர்த்திசையில் திரும்புகிறது. ஆண்டு முழுவதற்கும் வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதே அதிகம், அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர். 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கற்சுவர்கள் நீட்டப்பட்டபோது, அந்த மணல் நடமாட்டம் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. நகரத்துப் பக்கம் வர வேண்டியது வராமல், இருந்ததையும் அலை இழுத்துக்கொண்டு போனது. பள்ளிச் சுற்றுலாவாகக் கடலூரிலிருந்து வந்து காந்தி சிலைக்குக் கிழக்கே மணலில் இறங்கி ஓடியவன் நான். பிறகு என் பிள்ளைகளை அழைத்துவந்தபோது அதே இடத்தில் கருங்கல் குவியலைத்தான் காட்ட முடிந்தது.

இது அன்று யாருக்கும் தெரியாத புதிர் அல்ல. சென்னைத் துறைமுகம் வந்தபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரைந்ததும் ஒரு நூற்றாண்டுக் கதை. அதனால்தான் இந்தக் கரையில் கற்சுவர் நீட்டுகிறவர்களிடம், தெற்கே சேரும் மணலை இயந்திரம் வைத்து எடுத்து வடக்கே கொட்டும் வேலையையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார்கள். ஆக, பொறியாளர் சொன்னது இரண்டு பாதிகள் கொண்ட ஒரு வாக்கியம்: சுவர் கட்டலாம்; கட்டினால் துறைமுகம் இருக்கும் வரை ஆண்டு தவறாமல் மணலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். முதல் பாதிக்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. இரண்டாம் பாதிக்கு ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி மட்டுமே உண்டு. அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை. நிபுணர் பேச்சைக் கேட்டதால் வந்த வினை என்பதைவிட, அவர் பேச்சில் பாதியை மட்டும் கேட்டதால் வந்த வினை என்பதே பொருந்தும்.

இதைவிடக் கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது. நகரத்தைக் காக்கக் கரையோரம் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு வடக்கே தள்ளிக்கொண்டே போனது. வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி, அது கோட்டக்குப்பம், நடுக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தின்னத் தொடங்கியது. துறைமுகம் வேண்டும் என்று முடிவெடுத்த அரசு ஒன்று. வீட்டை இழந்த மீனவர் வாக்களிக்கும் அரசு வேறொன்று. மணலுக்கு எல்லைக்கோடு தெரியாது, வாக்குச்சீட்டுக்குத் தெரியும். பாதிக்கப்படுகிறவர் முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வெளியே நிற்கும்போது, அவருடைய பாதிப்பை உள்ளே கொண்டுவந்து சொல்வதற்கு அளவெடுப்பவரின் வரைபடத்தைத் தவிர வேறு ஆள் கிடையாது. அறிவியலை மக்களாட்சிக்கு எதிராக நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதேயில்லை.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் சிறு கற்சுவர், கேட்டு நடக்கும் போராட்டங்களும் இதே வகைதான். ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு கட்டினால் அதன் தென்பக்கம் மணல் நிற்கும், அடுத்த குப்பம் பட்டினி கிடக்கும். பிறகு அடுத்த குப்பமும் கேட்கும். ஒவ்வொரு கோரிக்கையையும் தனியே எடுத்தால் முழுக்க நியாயம். எல்லாவற்றையும் வரிசையாக நிறைவேற்றினால், கடைசியில் இருக்கும் ஊருக்குக் கடல்தான் மிஞ்சும். இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும் பொறியாளருக்குக் கைதட்டல் விழாது.

தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பு வைக்கப்பட்டு, அங்கே மணல் திரும்பியதைப் பார்த்திருப்பீர்கள். அறிவியல் வென்ற இடம் அது, சந்தேகமில்லை. ஆனால் முதல் தடுப்பு சுற்றுலாப் பயணிகள் நடக்கும் சாலைக்கு எதிரே வர வேண்டுமா, படகு நிறுத்த இடமில்லாத குப்பத்துக்கு எதிரே வர வேண்டுமா என்ற கேள்விக்கு அலைக் கணக்கில் விடை கிடையாது. அதை நாம்தான் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் ஒரு ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பே இல்லை. பிறகு எதற்கு அந்தக் கூட்டம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் கூட்டம் அது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் உயர் அதிகாரியின் தலைமை, அறிக்கையின் சுருக்கம் தமிழில், முழு நிகழ்வும் ஒளிப்பதிவு, கடைசியில் எழுப்பப்பட்ட விஷயங்களை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டுதல் என்று விதிகள் விரிவாகவே இருக்கின்றன. வாக்கெடுப்பு மட்டும் இல்லை. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும் இல்லை.

வாக்கெடுப்பு வேண்டும் என்பது என் கட்சி அல்ல. வேனில் ஆள் ஏற்றிவரத் தெரிந்தவர்கள் இரு பக்கமும் உண்டு. பிரியாணிப் பொட்டலத்தை எண்ணி ஒரு ஊரின் நிலத்தடி நீருக்கு விதி எழுத முடியாது. அந்தக் கூட்டத்தின் உண்மையான பயன் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். மணமேடை இருந்த இடத்தில் அதிகாரிகள், சீரியல் பல்புகளைக் கழற்றாத சுவரில் திரை. ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் நல்ல பையன். படபடவென்று எண்களைச் சொன்னார். கையில் தந்த தமிழ்ச் சுருக்கத்தில், ஆலை வருவதற்கு முந்தைய நிலையின் அளவீட்டைக் குறிக்கும் 'பேஸ்லைன் டேட்டா' என்பது 'அடிக்கோட்டுத் தரவு' ஆகியிருந்தது. எதை அடிக்கோடிட்டார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் என்னைக் கேட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர், துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு ஒலிவாங்கிக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஓடைத் தண்ணிய எந்த மாசம் அளந்தீங்க?" மார்ச் முதல் மே வரை என்றார் இளைஞர். "ஐப்பசி கார்த்திகையிலதானே எங்க ஊர்ல தண்ணி நிக்கும். அப்ப வந்து பாக்கலியே" என்றுவிட்டு முதியவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

இளைஞர் விதியை மீறவில்லை. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அளவீடு போதும் என்பதே நடைமுறை. அந்த நடைமுறை வகுக்கப்பட்ட நாட்டில், 2015 நவம்பரில் மூழ்கிய கடலூரும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். முதியவர் கேட்டது அரசியல் கேள்வி அல்ல, அசல் அறிவியல் கேள்வி: எடுத்த மாதிரி எதற்கு மாதிரி? நூறு பக்க எதிர்ப்பு மனுவைவிட அந்த ஒரு வரி, அதன்பின் கோப்பைப் பார்க்கும் நிபுணர் குழுவின் கையைக் கட்டும், அது குறிப்பில் ஏறினால். ஆகவே வாக்குக்குப் பதிலாக, எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண்ணிட்டு எழுத்தில் பதில் தரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். குறிப்பு வாசிக்கப்படும் வரை மண்டபத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில் நாற்காலிகள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: பேசாமல் படித்தவர்கள், விஞ்ஞானிகள் கையிலேயே ஆட்சியைக் கொடுத்துவிட்டால் என்ன?
– கல்லூரி மாணவர், நெய்வேலி

பதில்: எந்தப் படிப்பு? நிலக்கரி அறிந்தவரிடம் கொடுத்தால் நெல் அறிந்தவர் எங்கே போவார்? உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள், சுரங்க விரிவாக்கத்தைப் பற்றி இந்த இரண்டு பேரும் ஒரே தேநீர்க் கடையில் உட்கார மாட்டார்கள்.

கேள்வி: மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை நிபுணர் குழு ஏற்றுக்கொண்ட பிறகு ஓர் அமைச்சர் நிறுத்திவைத்தார். இது அறிவியலை அவமதிப்பதில்லையா?
– வேளாண் பட்டதாரி, விருத்தாசலம்

பதில்: 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு ஒப்புதல் தந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010இன் தொடக்கத்தில் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். அந்த முடிவு சரியா தவறா என்பதில் வேளாண் அறிவியலாளர்களே இன்றும் இரண்டாக நிற்கிறார்கள். உங்கள் வருத்தத்தில் பங்குகொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் கவனிக்கச் சொல்வது அதே ஆண்டில் நடந்த ஒரு சிறு மாற்றத்தை. அந்தக் குழுவின் பெயரில் இருந்த 'அனுமதி' என்ற சொல் போய், 'மதிப்பீடு' என்ற சொல் வந்தது. ஜி.இ.ஏ.சி. என்ற ஆங்கிலச் சுருக்கப்பெயர் மாறவில்லை என்பதால் பலர் கவனிக்கவே இல்லை. விதை நச்சா இல்லையா, மகரந்தம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்வது குழுவின் வேலை. விதைக்காக ஆண்டுதோறும் நிறுவனத்திடம் போய் நிற்க நம் உழவர் தயாரா என்பது குழுவிடம் கேட்கக்கூடாத கேள்வி. என் வருத்தம் வேறு: அமைச்சர் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும்போது, அதை முதல் கேள்வியின் விடைபோலவும் தோன்றவிட்டார், தடுத்தவர்கள், ஆதரித்தவர்கள் இருவருமே அறிவியல் தங்கள் பக்கம் என்றே முழங்கினார்கள். "இதில் ஆபத்து அதிகம் தெரியவில்லை, ஆனாலும் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கும் மக்களாட்சியில் உரிமை உண்டு. அதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம்.

கேள்வி: சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கிறோம். ராத்திரியில் வரும் நாற்றத்தை அதிகாரியிடம் சொன்னால், "கருவியில் பதிவாகவில்லை" என்கிறார். எங்கள் மூக்கு சாட்சி ஆகாதா?
– வாசகி, குடிகாடு

பதில்: ஆகும் அம்மா, எழுதிவைத்தால். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடை மனித மூக்கு மிகமிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை. இதுவும் சாட்சியத்தில் சேர வேண்டிய செய்தி.

உங்கள் பகுதியிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 2004இல் சிப்காட் கிராமத்து மக்கள் சிலர் பயிற்சி பெற்று, பிளாஸ்டிக் வாளியில் காற்றுப் பிடித்தார்கள். வாளிக்குள் ஒரு சிறப்புப் பை. மூடியில் ஒரு குழாய். வாளியில் இருக்கும் காற்றைச் சிறு பம்பு வெளியே இழுக்க, பை விரிந்து வெளிக்காற்றை வாங்கிக்கொள்ளும். பையை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உள்ளிட்ட பல வேதிப்பொருள்கள் அதில் இருந்தன. சில நிமிடக் காற்றை வைத்து ஆண்டுச் சராசரியைச் சொல்ல முடியாது என்ற ஆட்சேபம் சரியானது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாளி கேட்ட கேள்வி சராசரியைப் பற்றியதல்ல: இவற்றையெல்லாம் நீங்கள் ஏன் அளப்பதே இல்லை? நாட்டின் காற்றுத் தர அளவுகோலில் பென்சீன் சேர்ந்தது 2009இல்தான். அதுவரை, கருவியில் பதிவாகவில்லை என்ற வாசகம் பொய்யாக இல்லாமலே அர்த்தமற்றதாக இருக்க முடிந்தது. எதை அளக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் ஊருக்குப் பங்கு இருக்கிறது. அளந்து வந்த எண்ணை மாற்றுவதில் யாருக்கும் பங்கில்லை.

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, என்ன மாதிரி நாற்றம், எவ்வளவு நேரம், யாருக்கு இருமல், எவருக்கு கண்ணெரிச்சல். நாற்றம் இல்லாத இரவுகளையும் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் நோட்டுக்கு மதிப்பு பாதிதான்.

கேள்வி: சுருக்குமடி வலை விஷயத்தில் எங்கள் பிழைப்பை முடிவு செய்ய விஞ்ஞானி யார்?
– மீனவர், தேவனாம்பட்டினம்

பதில்: யாரும் இல்லை, ஐயா. ஆனால் பிழைப்பு உங்களுடையது மட்டுமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் கரையிலேயே, சுருக்குமடியால் தங்கள் வலைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று சொல்லும் சிறு படகுக்காரர்கள் இருக்கிறார்கள். மத்தி, கானாங்கெளுத்தி போலக் கூட்டமாக வரும் மீன்களை மொத்தமாக வளைக்கும் வலை அது. அந்தக் கூட்டங்கள் கடலின் சூட்டுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் தாமாகவே பெருகிக் குறைபவை என்பதால், எந்தக் குறைவுக்கு வலை காரணம், எதற்குக் கடல் காரணம் என்று பிரித்துச் சொல்லத்தான் அறிவியலாளர் தேவை. தமிழ்நாடு 2000இல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. மத்திக்குக் கிழமை தெரியாது. அந்தக் கிழமைகள் இரு தரப்பு மனிதர்களுக்கு நடுவே கோடு போட வந்தவை. அப்படித்தான் இருக்கவும் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கரை இது. எல்லா விசைப்படகுக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகிறது என்பதும், அடுப்பெரிய நிவாரணம் வருகிறது என்பதும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். சுருக்குமடிக்கு அப்படிப்பட்ட பேச்சு இன்னும் முழுமையாக நடக்கவில்லை.

கேள்வி: சுனாமியில் சுரபுன்னைக் காடு எங்களைக் காத்தது என்றார்கள் ஆய்வாளர்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் அப்படிச் சொல்ல முடியாது என்றார்களாமே?
– ஆசிரியை, பரங்கிப்பேட்டை

பதில்: உண்மை. உங்கள் கடற்கரையில் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, மரங்கள் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. மறு ஆண்டே வேறு சிலர் அதே எண்களை எடுத்து, ஊர் எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கழித்துப் பார்த்தால் மரத்தின் பங்காக அதிகம் மிஞ்சவில்லை என்றார்கள். முதலாமவர் பொய் சொல்லவில்லை. காடும் உயரமும் தூரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிச்சாவரத்தைக் காப்பதற்கு நண்டும் இறாலும் மீன்குஞ்சும் போதுமான காரணங்கள். தாங்க முடியாத ஒற்றைக் காரணத்தின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டால், அது சரியும் நாளில் காடும் சேர்ந்து சரியும்.

கேள்வி: ஃபெங்கல் புயலில் வானிலை மையம் ஒன்று சொன்னது, நடந்தது ஒன்று. இனி எதை நம்பிக் கடலுக்குப் போவது?
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: புயலாக வலுப்பெறாது என்ற கணிப்பு மறுநாளே மாறி, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே புயல் கரை ஏறியது, ஏறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நின்று, 46 செ.மீ.க்கும் கூடுதலாகக் கொட்டித் தீர்த்தது. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்ட நீர், தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் வந்தது. அணையை முன்கூட்டியே காலி செய்திருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. மழை வராமல் போயிருந்தால், பாசனத்துக்கு வைத்த தண்ணீரைக் கடலில் விட்டதாக அதே நாம் திட்டியிருப்போம். பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு என்று வானிலையாளர் சொல்லலாம். ஏழு போதுமா, ஒன்பது வேண்டுமா என்பதை அந்த இரவில் ஓர் அதிகாரியின் தலையில் போடாமல், கோடைக் காலத்திலேயே ஆற்றின் மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் உட்கார்ந்து பேசி எழுதிவைத்திருக்க வேண்டும்.

நம்புவதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊரே இதற்கு வழி காட்டிய ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் மையங்களில் ஒன்று வீராம்பட்டினத்தில் இருந்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசிப்பார்கள். போகலாம், போகக்கூடாது என்ற சொல் அதில் இராது. இத்தனை அடி அலை, இந்தப் பக்கக் காற்று, அவ்வளவுதான். கேட்டுவிட்டு, பெரியவர்கள் கரையில் நின்று வானத்தையும் கொண்டல் காற்றையும் பார்த்து, படகை இறக்குவதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். பக்கத்தில் நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னதும், ஊர்க்காரர்கள் மையத்தின் கதவைத் திறந்து அதே போன்ற ஒலிபெருக்கியில்தான் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். தினமும் காலையில் அலை உயரம் கேட்டுப் பழகிய காதுகள். யார் பேசுகிறார்கள் என்று கேட்க யாரும் நிற்கவில்லை.